ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகள் நலப் பணிகள்: அகற்றலிலிருந்து தடுப்பை நோக்கி

ஆஸ்திரேலியாவில் ஒரு குழந்தை வீட்டில் பாதுகாப்பாக இல்லை என்று அரசு கருதினால், நீதிமன்ற ஆணையின் மூலம் அதனை வேறிடத்தில் வளர்க்க ஏற்பாடு செய்கிறது. உறவினர் வீடு, வளர்ப்புக் குடும்பம், பணியாளர்கள் நடத்தும் இல்லம் எல்லாம் சேர்ந்து 'வீட்டுக்கு வெளியே பராமரிப்பு' எனப்படும். அந்நாட்டுக் குழந்தைகளில் பழங்குடியினரும் டொரஸ் நீரிணைத் தீவினரும் ஏறத்தாழ 6 விழுக்காடு. இவ்வாறு வெளியே வளர்க்கப்படும் குழந்தைகளில் அவர்களின் பங்கு 40 விழுக்காட்டுக்கும் மேல். விகிதமாகப் பார்த்தால், ஒரு பழங்குடிக் குழந்தை குடும்பத்திலிருந்து பிரிக்கப்படுவதற்கான வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம்.

இந்த நிலையை மாற்றுவதற்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, குழந்தையை எடுக்கும் நிலை வருவதற்கு முன்பே குடும்பத்துக்குத் துணை நிற்பது. மற்றொன்று, பழங்குடிக் குழந்தைகளைப் பற்றிய முடிவுகளைப் பழங்குடி அமைப்புகளிடமே ஒப்படைப்பது. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஏன் என்பதை அறிய வரலாற்றைத் தொட்டாக வேண்டும்.

'பழங்குடியினர்' என்ற ஒற்றைச் சொல் பல மக்களைக் குறிக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் அக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. மேலும், குழந்தைப் பாதுகாப்பு கூட்டாட்சி அரசின் நேரடிப் பொறுப்பன்று. ஆறு மாநிலங்களும் இரு பெரும் ஆட்சிப்பகுதிகளும் தத்தமக்கெனச் சட்டம் வைத்துள்ளன. ஆகவே ஒரு மாநிலத்தில் நடந்த மாற்றம் அடுத்த மாநிலத்தில் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை.

திருடப்பட்ட தலைமுறையினர்

பழங்குடிக் குழந்தைகளை அகற்றுவதற்குச் சட்டமே வழி செய்தது. விக்டோரியாவின் 1869ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் பழங்குடிக் குழந்தைகளின் பராமரிப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம், 16 வயது வரையுள்ள ஒவ்வொரு பழங்குடிக் குழந்தைக்கும் 'தலைமைப் பாதுகாவலர்' என்ற அதிகாரியையே சட்டப் பாதுகாவலர் ஆக்கியது. தாய் உயிரோடு இருந்தாலும் நிலை அதுதான். நியூ சவுத் வேல்ஸில் 1909இல் சட்டம் வந்தது. 1915இல் அது திருத்தப்பட்ட பின், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே குழந்தையை எடுத்துச் செல்லும் அதிகாரம் வாரியத்துக்குக் கிடைத்தது. சிறுமிகள் கூட்டமுண்ட்ரா இல்லத்துக்கும் சிறுவர்கள் கின்செலா இல்லத்துக்கும் அனுப்பப்பட்டனர். சிறுமிகள் வீட்டு வேலைக்கும் சிறுவர்கள் பண்ணை வேலைக்கும் பழக்கப்பட்டனர். இந்தச் சட்டங்களின் பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்ததைக் கவனிக்க வேண்டும். இன்று 'குழந்தைப் பாதுகாப்பு' அதிகாரி என்று ஒருவர் கதவைத் தட்டும்போது பழங்குடிக் குடும்பங்களுக்கு ஏன் நெஞ்சு பதறுகிறது என்பதை அந்தச் சொல்லே ஓரளவு விளக்கிவிடும்.

மனித உரிமைகள் ஆணையம் 1997இல் வெளியிட்ட 'அவர்களை வீட்டுக்கு அழைத்து வருதல்' என்னும் அறிக்கை, 1910 முதல் 1970 வரை பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டனர் என மதிப்பிட்டது. சர் ரொனால்டு வில்சனும் மிக் டாட்சனும் இந்த விசாரணையை வழிநடத்தினர். பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஒரு வழக்கை மட்டும் சற்று விரிவாகப் பார்க்கலாம். தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நரின்ட்ஜெரி இனத்துக் குழந்தை புரூஸ் டிரெவோரோவுக்கு 1957ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று வயிற்றுவலி. அப்போது வயது 13 மாதம். அடிலெய்டு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டான். சில நாள்களில் நோய் தீர்ந்தது. ஆனால் அவன் வீடு திரும்பவில்லை. அதிகாரிகள் அவனை ஒரு வெள்ளையர் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டனர். மகன் எப்போது வருவான் என்று தாய் கடிதம் எழுதிக் கேட்டார். குழந்தை தேறி வருகிறது, மருத்துவர்கள் இன்னும் சில காலம் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதில் பொய். தாயை அவன் மீண்டும் பார்த்தபோது அவனுக்குப் பத்து வயது. அதற்குள் அவன் தந்தை இறந்திருந்தார். மாநில உச்ச நீதிமன்றம் 2007இல் அந்த அகற்றலுக்குச் சட்ட அதிகாரமே இல்லை எனத் தீர்ப்பளித்து, 5,25,000 டாலர் இழப்பீடு வழங்கியது. திருடப்பட்ட தலைமுறையினர் ஒருவர் நீதிமன்றத்தில் வென்ற முதல் வழக்கு அது. வீட்டில் பெற்றோருடனேயே வளர்ந்த அவருடைய உடன்பிறந்தோரின் வாழ்க்கையையும், மனச்சோர்வும் மதுவுமாகக் கழிந்த அவருடைய வாழ்க்கையையும் நீதிபதி ஒப்பிட்டுப் பார்த்தார். தீர்ப்பு வந்து ஓராண்டுக்குள் டிரெவோரோ இறந்துபோனார்.

சமூகமே தொடங்கிய அமைப்புகள்

1970களில் மெல்பேர்னில் பழங்குடிச் சட்ட உதவி அமைப்பில் பணியாற்றியோர் ஒன்றைக் கவனித்தனர். குற்ற வழக்குகளில் உதவி நாடி வந்தவர்களில் மிகப் பலர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரித்து வளர்க்கப்பட்டவர்கள். இந்தப் பின்னணியில் மோலி டையர் என்பவரின் முன்முயற்சியில் விக்டோரியப் பழங்குடிக் குழந்தைப் பராமரிப்பு முகமை உருவானது. அவருடைய தாய் மார்கரெட் டக்கர், சிறுமியாக இருந்தபோது பிடித்துச் செல்லப்பட்டுக் கூட்டமுண்ட்ரா இல்லத்தில் வளர்ந்தவர். தாய்க்கு நேர்ந்தது மற்றவர்களின் பிள்ளைகளுக்கு நேரக் கூடாது என்று மகள் நினைத்ததில் வியப்பில்லை. இத்தகைய முகமைகளின் தேசியக் கூட்டமைப்பு 1981இல் அமைந்தது. 'ஸ்நேய்க்' என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது.

இவ்வமைப்புகள் போராடிப் பெற்றதே 'பழங்குடிக் குழந்தை இருத்தல் நெறி'. வடக்கு ஆட்சிப்பகுதி 1983இல் அதனைச் சட்டத்தில் சேர்த்தது. பின்னர் எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் ஏற்றன. ஒரு குழந்தையை எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் உறவினரிடம், அது முடியாவிட்டால் அதே சமூகத்தாரிடம், அதுவும் முடியாவிட்டால் வேறு பழங்குடிக் குடும்பத்திடம், கடைசியில்தான் மற்றவர்களிடம் விட வேண்டும் என்ற வரிசையை அதிகாரிகள் பெரும்பாலும் நினைவில் வைத்துள்ளனர். உண்மையில் இந்த நெறிக்கு ஐந்து கூறுகள் உண்டு: தடுப்பு, கூட்டுறவு, இருத்தல், பங்கேற்பு, தொடர்பு. வரிசையில் முதலில் நிற்பது தடுப்பு. நடுவில் உள்ள ஒரு கூறை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் கூறை விட்டுவிட்டதுதான் நாற்பதாண்டுக் காலக் குறை என்று சொல்லலாம்.

உறவுமுறை பற்றித் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பல பழங்குடிச் சமூகங்களில் தாயின் சகோதரியும் தாயே. தந்தையின் சகோதரனும் தந்தையே. தாய்மாமனுக்குத் தனி இடம் உண்டு. பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா என்று அழைத்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியரா மக்களிடம் ராட்கிளிஃப்-பிரவுன் பதிவு செய்த உறவுமுறையைத் திராவிட உறவுமுறையோடு ஒப்பிடுவது மானிடவியலில் வழக்கம். ஆனால் தாய், தந்தை, பிள்ளை மட்டுமே குடும்பம் என்று கருதும் அதிகாரிக்கு, குழந்தை ஒரு வாரம் பெரியம்மா வீட்டிலும் மறுவாரம் பாட்டி வீட்டிலும் இருப்பது 'நிலையற்ற வளர்ப்பு' என்று படுகிறது. அவர் கோப்பில் அப்படியே எழுதிவிடுகிறார்.

தடுப்பு ஏன் பின்தங்குகிறது

ஒரு குழந்தையைப் பற்றிய முறையீடு பள்ளியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ வருகிறது. பல தொழிலினர் இவ்வாறு தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். குழந்தை பிறப்பதற்கு முன்பே, கருவுற்ற தாயைப் பற்றிக்கூட முறையீடு செய்ய இடமுண்டு. அடுத்து விசாரணை, பிறகு நீதிமன்றம். இதில் 'புறக்கணிப்பு' என்று பதிவாகும் பலவற்றின் அடியில் வறுமையே கிடக்கிறது: நெருக்கடியான வாடகை வீடு, வேலை செய்யாத குளிர்பதனப் பெட்டி, பள்ளிக்குப் பேருந்து இல்லாத ஊர்.

குடும்ப வன்முறையின் கதை இன்னும் சிக்கலானது. விக்டோரியாவில் பழங்குடிக் குழந்தைகளுக்கான முதல் ஆணையர் ஆண்ட்ரூ ஜாக்கோமோஸ், பராமரிப்பில் இருந்த ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளின் கோப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில், 88 விழுக்காட்டுக் குழந்தைகளின் பின்னணியில் குடும்ப வன்முறை இருந்தது தெரிந்தது. அடிபடும் தாய் காவல்துறையை அழைக்கலாமே என்று வெளியிலிருப்பவர் கேட்கக்கூடும். அழைத்தால் அது குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கும் தகவலாகப் போகும். பிள்ளைகளைக் காக்கத் தவறியவள் என்ற பழி அவள்மேலேயே விழலாம். ஆகவே அவள் அழைப்பதில்லை. வன்முறை முற்றுகிறது. கடைசியில் யாரோ அழைக்கும்போது, நிலைமை அகற்றலைத் தவிர வேறு வழியில்லாத கட்டத்துக்கு வந்துவிடுகிறது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத, அவள் நம்பக்கூடிய ஓர் இடம் ஊரிலேயே இருந்திருந்தால் இந்தச் சங்கிலி தொடக்கத்திலேயே அறுபட்டிருக்கும். தடுப்புப் பணியைப் பழங்குடி அமைப்புகள் நடத்த வேண்டும் என்று கேட்பதன் நடைமுறைக் காரணம் இதுதான். பண்பாட்டு மரியாதை என்பதற்கும் மேலாக, உதவி கேட்டு ஆள் வருவாரா மாட்டாரா என்ற கேள்வி இது.

பணம் போகும் திசையும் முக்கியம். குழந்தைப் பாதுகாப்புக்கும் குடும்ப உதவிக்கும் சேர்த்து அரசுகள் செலவிடும் தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே குடும்பங்களை ஒன்றாக வைத்திருக்கும் பணிகளுக்குச் செல்கிறது என்று 'குடும்பங்கள் முக்கியம்' இயக்கத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. மீதமெல்லாம் விசாரணைக்கும் பிரித்து வளர்ப்பதற்கும். அதிலும் பழங்குடி அமைப்புகளின் கைக்கு வருவது சிறு பகுதியே.

இதற்கிடையில் சில மாநிலங்கள் 'நிரந்தர ஏற்பாடு' என்ற பெயரில் காலக்கெடு விதித்தன. பிரிக்கப்பட்ட குழந்தை இரண்டாண்டுக்குள் வீடு திரும்ப முடியாவிட்டால் வேறிடத்தில் நிலையாக வளர வழி செய்ய வேண்டும் என்பது நோக்கம். குழந்தை வீடு வீடாக மாறிக்கொண்டே இருக்கக் கூடாது என்ற அக்கறை நியாயமானதே. ஆனால் மதுப்பழக்க மீட்புச் சிகிச்சைக்கும் அரசு வீட்டுக்கும் காத்திருக்கும் வரிசை நீளமாக உள்ள நாட்டில், கெடு முடிவதற்குள் தாய்க்கு அவை கிடைப்பதே அரிது. அரசு தரத் தாமதித்த உதவிக்காகத் தாய் பிள்ளையை இழக்கும் நிலையை இந்தச் சட்டங்கள் உண்டாக்கின என்ற விமர்சனத்துக்கு இதுவரை நேர்மையான பதில் வரவில்லை.

பாட்டிமார்கள் தொடங்கிய போராட்டம்

நியூ சவுத் வேல்ஸின் கன்னடா ஊரில் 2014இல் சில பாட்டிமார் கூடி, 'அகற்றலுக்கு எதிரான பாட்டிகள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். பேரப்பிள்ளைகளை வளர்க்கத் தாங்கள் ஆயத்தமாக இருந்தும் தங்களைக் கேட்காமலேயே அந்நியரிடம் விட்டார்கள் என்பது அவர்களின் குறை. அந்த அழுத்தத்தின் தொடர்ச்சியாக மாநில அரசு தனி ஆய்வு ஒன்றை அமைத்தது. சட்டப் பேராசிரியர் மேகன் டேவிஸ் தலைமையில் 'குடும்பமே பண்பாடு' என்ற அறிக்கை 2019இல் வெளிவந்தது. 2015-16 காலத்தில் பராமரிப்புக்குள் வந்த 1,144 பழங்குடிக் குழந்தைகளின் நிலையை அது ஆராய்ந்து 125 பரிந்துரைகளை முன்வைத்தது.

அறிக்கையின் கூர்மையான கண்டுபிடிப்பு, விதிகள் இல்லை என்பதன்று. விதிகள் ஏராளமாக இருந்தன. அவற்றைப் பின்பற்றியதாகக் காகிதத்தில் குறி போடப்பட்டது. உறவினரைத் தேடியதாக எழுதப்பட்டது, தேடப்படவில்லை. நீதிமன்றத்துக்குத் தவறான தகவல் தரப்பட்ட கோப்புகளும் இருந்தன. இந்தப் போக்கை டேவிஸ் 'சடங்கு' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். தமிழில் நாம் 'சடங்குக்குச் செய்வது' என்கிறோமே, அதேதான். 2022இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டு, குழந்தையை எடுக்குமுன் குடும்பத்தை ஒன்றாக வைத்திருக்க 'முனைப்பான முயற்சி' எடுத்ததைத் துறை காட்ட வேண்டும் என்ற கடமை சேர்க்கப்பட்டது.

அதிகாரத்தைக் கைமாற்றுதல்: விக்டோரியாவின் 18ஆம் பிரிவு

ஆலோசனை கேட்பது வேறு, முடிவெடுக்க விடுவது வேறு. இந்த வேறுபாட்டைச் சட்டத்தில் காட்டியது விக்டோரியா. அதன் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள், இளையோர், குடும்பங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நீதிமன்ற ஆணைக்கு உட்பட்ட ஒரு பழங்குடிக் குழந்தை தொடர்பாகத் துறைச் செயலருக்குள்ள அதிகாரங்களைப் பழங்குடி முகமையின் முதன்மை அலுவலருக்கு வழங்க இடம் தருகிறது. சட்டம் வந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் அது ஏட்டிலேயே இருந்தது. 2017இல்தான் மேலே சொன்ன விக்டோரிய முகமை 'நுகெல்' என்ற திட்டத்தின் மூலம் முதன்முதலாக முழுப் பொறுப்பேற்றது. அடுத்துப் பெண்டிகோ பகுதிப் பழங்குடிக் கூட்டுறவு அமைப்பும் இணைந்தது. பெற்றோரைச் சந்திப்பது, குழந்தை எங்கே வளர்வது என்று தீர்மானிப்பது, வீடு திரும்பத் திட்டமிடுவது, நீதிமன்றத்தில் நிற்பது எல்லாம் இப்போது அவர்கள் வேலை. 2023இல் வந்த திருத்தம், முறையீடு வந்தவுடன் நடக்கும் முதல் விசாரணையையும் பழங்குடி முகமைகள் ஏற்க வழி திறந்தது.

விக்டோரியாவின் உண்மை கூறும் அமைப்பான யூருக் நீதி ஆணையம் 2023 செப்டம்பரில் மேலும் ஒரு படி சென்றது. பழங்குடிக் குழந்தைகளுக்கெனப் பழங்குடியினரே முழுமையாக நடத்தும் தனிக் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆணையத்தின் 46 பரிந்துரைகளில் நான்கை மட்டுமே மாநில அரசு முழுமையாக ஏற்றது. பலவற்றைக் 'கொள்கையளவில்' ஏற்பதாகச் சொன்னது.

குயின்ஸ்லாந்து, 2017 முதல் 2037 வரையிலான ஒரு தலைமுறைத் திட்டத்தை வகுத்துள்ளது. டொரஸ் நீரிணைத் தீவுகளில் உறவினருக்குள் பிள்ளையை வளர்க்கக் கொடுக்கும் மரபுக்கு 2020இல் சட்ட ஏற்பும் தந்தது. கனடா 2019இல் கூட்டாட்சிச் சட்டத்தின் மூலம் பூர்வகுடிகளின் இந்த அதிகாரத்தை ஏற்றது. ஐக்கிய அமெரிக்கா 1978இலேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அதற்கு இணையான தேசியச் சட்டம் இல்லை.

இரு ஊர்கள்

தடுப்பு எப்படி இருக்கும் என்பதற்குப் பர்க் ஊரைச் சொல்வது வழக்கம். நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் டார்லிங் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. அங்குள்ள பழங்குடிச் சமூகம் தொடங்கிய 'மரங்குகா' திட்டத்தின் பெயருக்கு, ங்கெம்பா மொழியில் பிறரைப் பேணுதல் என்று பொருள். குடும்ப வன்முறை நடந்த வீட்டுக்குச் சமூகத்தாரும் காவலரும் சேர்ந்து சென்று நலம் கேட்பது, ஓட்டுநர் உரிமம் பெற இளைஞர்களுக்கு உதவுவது போன்ற எளிய வேலைகள்தான். உரிமமின்றி வண்டி ஓட்டிச் சிறைக்குப் போகும் இளைஞர்களின் எண்ணிக்கையை அறிந்தவர்களுக்கே இரண்டாவதன் அருமை புரியும். கேபிஎம்ஜி நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, காவல்துறைப் பதிவில் குடும்ப வன்முறை 23 விழுக்காடு குறைந்தது. 12ஆம் வகுப்பு வரை படிப்பைத் தொடர்வோர் 31 விழுக்காடு கூடினர். சிறிய ஊர், குறுகிய காலம் என்பதால் இந்த எண்களை எல்லா ஊருக்கும் நீட்டிவிடக் கூடாது.

பிரிஸ்பேனில் தடுப்பு கருப்பையிலிருந்தே தொடங்குகிறது. பழங்குடி நல அமைப்புகளும் ஒரு மருத்துவமனையும் 2013இல் தொடங்கிய மகப்பேற்றுத் திட்டத்தில், ஒரு தாய்க்குக் கருக்காலம் முழுவதும் அறிமுகமான ஒரே மருத்துவச்சி. பழங்குடிக் குடும்ப உதவியாளர் உடனிருப்பார். வண்டியும் உண்டு. இத்திட்டத்தில் சேர்ந்த தாய்மாரிடையே குறைமாதப் பிறப்பு கணிசமாகக் குறைந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவமனையில் குழந்தை பறிபோகும் என்று அஞ்சி வராமலிருக்கும் தாய், வராததாலேயே 'அக்கறையற்றவள்' என்று பதிவாவது உண்டு. அறிமுகமான ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வரும்போது அந்தப் பதிவுக்கு இடமில்லாமல் போகிறது.

தீராத கேள்விகள்

பண்பாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையை ஆபத்தில் விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் ஊடகங்களில் அடிக்கடி எழுகிறது. இருத்தல் நெறி எந்தச் சட்டத்திலும் பாதுகாப்பைப் பின்னுக்குத் தள்ளவில்லை. குழந்தையின் நலனே முதன்மை என்பது எல்லா மாநிலச் சட்டங்களிலும் உள்ளது. அரசுப் பராமரிப்புக்குள் வந்த குழந்தைகள் அங்கே பாதுகாப்பாக இருந்தார்களா என்ற கேள்வியையும் இதே அச்சத்தோடு கேட்க வேண்டும். பராமரிப்பிலிருந்து சிறார் சிறைக்குப் போகும் பாதை நன்கு அறியப்பட்டது.

பழங்குடி அமைப்புகளுக்குள்ளேயே இருக்கும் தயக்கம் இதைவிடக் கனமானது. பிள்ளைகளைப் பறித்த அதே அதிகாரத்தை நாம் கையில் எடுக்கலாமா, நாளை நம் ஊர்க்காரர் வீட்டுக் கதவை நாமே தட்ட வேண்டி வருமே என்று கேட்போர் உண்டு. அதிகாரத்தை மாற்றிவிட்டுப் பணத்தை மாற்றாமல் விட்டால், தோல்வியின் பழி மட்டும் கைமாறும் என்பதும் அவர்கள் கவலை. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் நிதி வரும்போது பயிற்சி பெற்ற பணியாளர்களை நிலையாக வைத்திருக்க முடிவதில்லை.

2020 ஜூலையில் அரசுகளும் பழங்குடி அமைப்புகளின் கூட்டணியும் கையெழுத்திட்ட 'இடைவெளி குறைப்பு' தேசிய உடன்பாட்டின் 12ஆம் இலக்கு, பராமரிப்பில் பழங்குடிக் குழந்தைகளின் மிகை விகிதத்தை 2031க்குள் 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்கிறது. உடன்பாட்டுக்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்த விகிதம் குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. பழங்குடிக் குழந்தைகளுக்கான தேசிய ஆணையர் அலுவலகம் 2025இல் பணியைத் தொடங்கியது. ஆனால் எந்தக் குழந்தை எந்த வீட்டில் தூங்கும் என்ற முடிவு இன்றும் மாநிலங்களின் கையில்தான் உள்ளது.